கோலியஸ் வாங்கப் போகிறீர்களா? நர்சரிச் செடி, விதைப் பாக்கெட், கூரியர் செடி: ஒரு மதிப்பீடு

பால்கனியில் வண்ணம் வேண்டும், ஆனால் பூச்செடிக்குப் போதுமான வெயில் அங்கே விழாது என்று சொல்பவரிடம் நர்சரிக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது கோலியஸாகத்தான் இருக்கும். மெரூன், இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், செம்புநிறம், கிட்டத்தட்டக் கறுப்பு என்று இலையிலேயே இத்தனை நிறங்களைக் காட்டும் செடி, முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இன்று அதை மூன்று வழிகளில் வாங்கலாம்: சாலையோர நர்சரியில் கவரில் வளர்ந்த செடியாக, கடையிலோ இணையத்திலோ விதைப் பாக்கெட்டாக, அல்லது அட்டைப்பெட்டியில் அடைத்துக் கூரியரில் வரும் சிறு செடியாக. மூன்றையும் சென்னையின் தென்புறநகரில், கிழக்குப் பார்த்த பால்கனியிலும் ஒரு பகுதிக்கு மட்டும் நிழல்வலை கட்டிய மொட்டைமாடியிலும் வளர்த்துப் பார்த்ததை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கொடுத்த காசுக்கு எத்தனை மாதம் நல்ல இலை நிற்கிறது, கடையில் பார்த்த நிறம் வீட்டிலும் நிலைக்கிறதா, அந்தச் செடியிலிருந்து அடுத்த செடியை எடுக்க முடிகிறதா என்பவையே அளவுகோல்கள். இவற்றில் நர்சரிக் கவர் செடி தெளிவாக முந்துகிறது. ஆயினும் கடையில் அதைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி நம் ஊர் வெயிலுக்குப் பொருந்துவதில்லை என்பதால், வாங்கிய பின் செய்ய வேண்டியவற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கோலியஸ் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக அமைந்திருக்கும். லின்னேயஸ் 1763இல் இதை விவரித்தபோது துளசியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். பின்னர் கோலியஸ், சொலனோஸ்டெமன், பிளெக்ட்ராந்தஸ் என்று பேரினம் மாறி மாறி வந்து, 2019இல் வெளியான விரிவான வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகு மீண்டும் கோலியஸ் என்றே ஆகியிருக்கிறது. ஆகவே விதைப் பாக்கெட்டில் ஒரு தாவரவியல் பெயரும் கடையின் பலகையில் மற்றொன்றும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு செடிகள் என்று எண்ண வேண்டியதில்லை. நம் வீட்டுக் கற்பூரவள்ளியும், தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் சமயத்தில் சந்தைக்கு வரும் சிறுகிழங்கும், சேலம் பகுதியில் மருந்துத் தயாரிப்புக்காகப் பயிரிடப்படும் மருந்துக்கூர்க்கனும் இதே பேரினத்தவை. கற்பூரவள்ளிக் குச்சியை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்வதைப் போல இதுவும் பிடித்துக்கொள்ளும் என்பதே இந்த உறவில் வீட்டுத் தோட்டக்காரருக்குப் பயன்படும் செய்தி. ஆனால் கற்பூரவள்ளிக்கு இருப்பதைப் போன்ற நீர் நிறைந்த தடித்த இலை கோலியஸுக்குக் கிடையாது என்பதால், அதை மாடி மூலையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்வருவது போல இதை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த உறவினரின் இலையில் பஜ்ஜி போடுகிறோம், கஷாயம் வைக்கிறோம் என்பதற்காக இதன் இலையையும் வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. இது அழகுக்கு வளர்ப்பது மட்டுமே.

முதலில் நர்சரிச் செடி. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் உள்ள நர்சரிகளில் சிறிய கவரில் உள்ள கோலியஸ் முப்பது முதல் ஐம்பது ரூபாய்க்கும், பிளாஸ்டிக் தொட்டியில் புதராக வளர்ந்தது நூறு ரூபாய்க்கு மேலும் சொல்லப்படுகிறது. இந்தக் கடைகளில் நிற்கும் அலங்காரச் செடிகளில் கணிசமானவை அங்கேயே வளர்க்கப்பட்டவை அல்ல. ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்துக்கு அருகிலுள்ள கடியம் வட்டார நர்சரிகளிலிருந்தும், பெங்களூரு, ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்குபவை. செடி எங்கிருந்து வந்தது என்று கேட்பது வீண் விசாரணை அன்று. பெங்களூருவின் மிதமான வெப்பத்தில் வளர்ந்த இலை, சென்னையின் சூட்டுக்கும் உப்புத் தண்ணீருக்கும் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் அடி இலைகள் உதிர்வதைப் பார்த்துச் செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று பலர் முடிவு கட்டி, போதாக்குறைக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி, அதனாலேயே உண்மையில் சாகடித்துவிடுகிறார்கள்.

கவரைக் கிழித்துப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். தொலைவிலிருந்து வந்த செடிகளின் வேரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கையில் ஒட்டும் களிமண் உருண்டை. லாரியில் குலுங்கினாலும் உடையாமலிருக்கவும், ஈரம் சில நாள் தாங்கவும் அந்த மண் நர்சரிக்காரருக்கு வசதி. தொட்டியில் வைப்பவருக்கோ அது தலைவலி. அப்படியே எடுத்துக் கோகோபீட் (தென்னைநார்த் துகள்) கலந்த லேசான மண்ணுக்குள் வைத்தால், சுற்றியுள்ள கலவை காய்ந்து கிடக்கும்போதும் நடுவில் உருண்டை சொதசொதவென்று இருக்கும், அல்லது ஒருமுறை நன்றாகக் காய்ந்தபின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து வெளியேறிவிடும். உருண்டையை வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு நடுவதே நல்லது. கோலியஸின் வேர் நூல்போல மெல்லியது. எல்லா மண்ணையும் கழுவி எடுத்துவிட வேண்டும் என்று முரட்டுத்தனமாக இறங்க வேண்டாம், பாதி போனாலே போதும்.

உருண்டையைக் கரைக்கும்போது இன்னொன்றும் தெரியவரும். அடர்த்தியான ஒற்றைச் செடி என்று நினைத்து வாங்கியது பல நேரங்களில் இரண்டு மூன்று தண்டுத் துண்டுகளை ஒரே கவரில் நெருக்கி ஊன்றி வளர்த்ததாக இருக்கும். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். புதராகத் தெரிந்தால்தான் விற்கும் என்பது எல்லா நர்சரிக்கும் தெரிந்த கணக்கு. வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நாற்பது ரூபாய்க்கு மூன்று செடி என்று ஆகிறது. வேர்கள் பின்னிக்கொள்ளாத நிலையிலேயே பிரித்து, ஆறு அல்லது எட்டு அங்குலத் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒன்றாக வைத்தால் மூன்றும் தனித்தனியே கிளைத்துப் பெருகும். பிரிக்காமல் விட்டால் சில மாதங்களில் ஒன்றின் நிழலில் மற்றொன்று நின்று, அடியில் மொட்டைத் தண்டும் மேலே நாலு இலையுமாக எல்லாமே நெடுநெடுவென்று வளர்ந்துவிடும்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தை மட்டும் பார்ப்பது போதாது. கணுக்களுக்கிடையே உள்ள இடைவெளி குறைவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம் வெறுந்தண்டாக இருந்தால் அது வெளிச்சம் போதாமல் நீண்ட செடி. இலையைத் திருப்பி, காம்பு தண்டோடு சேரும் மூலையில் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி முதலில் குடியேறும் இடம் அதுதான், ஒரு செடியில் வந்தது மாடி முழுக்கப் பரவ அதிக நாள் பிடிக்காது. நுனியில் நீல ஊதாப் பூங்கதிர் நீண்டு நிற்கும் செடியைக் கடைக்காரர் ‘பூவும் பூக்கும்’ என்று பெருமையாகக் காட்டுவார். பூக்கத் தொடங்கிய கோலியஸ் இலைக்குச் செலவிட வேண்டிய சத்தை விதைக்குத் திருப்பிவிடுகிறது. இலை சிறுத்து, தண்டு கட்டைபோல இறுகத் தொடங்கும். இளம் செடி கிடைக்கும்போது அதை ஏன் எடுக்க வேண்டும்?

இனி வெளிச்சம். கோலியஸ் பற்றி நர்சரிகளில் சொல்லப்படுவதில் மிகவும் குழப்பமானது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கடையில் ‘நிழல் செடி, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம்’ என்கிறார்கள். அடுத்த கடையில் அதே செடியைக் குரோட்டன்ஸ் வரிசையில் வெயிலில் நிறுத்திவைத்து ‘எந்த வெயிலும் தாங்கும்’ என்கிறார்கள். இரண்டுமே அரைகுறை. இலையின் சிவப்பு, ஊதா நிறங்களைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையைத் தருவது பச்சையம். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி கிடைத்த ஒளியை முழுவதும் பிடித்துக்கொள்ளப் பச்சையத்தைக் கூட்டுகிறது, சிவப்பைக் குறைக்கிறது. வரவேற்பறையில் மேசைமேல் வைத்த மெரூன் கோலியஸ் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கலங்கிய பச்சையாக மாறுவது அதனால்தான். கடுமையான நேர்வெயிலில் நடப்பது இதற்கு நேர்மாறு: பச்சையம் சிதைந்து இலை வெளுக்கும், ஓரம் கருகும், நடுப்பகல் கடந்ததும் செடி துவண்டு தொங்கும். ஆக, கடையில் பார்த்த நிறம் அந்தக் கடையின் நிழல்வலைக்குக் கீழே இருந்த வெளிச்சத்தின் நிறம்; அதே அளவு வெளிச்சத்தை வீட்டில் தர முடிந்தால்தான் அதே நிறம் நிற்கும். செடி எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது, மேலே எத்தனை சதவீத வெயிலைத் தடுக்கும் வலை கட்டியிருக்கிறார்கள் என்று கடையிலேயே தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு வருவது, பணியாளரிடம் பத்துக் கேள்வி கேட்பதைவிடப் பயன் தரும்.

சமவெளி ஊர்களுக்கு நடைமுறையில் சரிப்படுவது காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், அதன்பின் வெளிச்சமான நிழல். கிழக்குப் பார்த்த பால்கனி இதற்கு மிகவும் பொருத்தம். வடக்குப் பார்த்தது பரவாயில்லை. மேற்குப் பால்கனியில் மாலை வெயிலின் சூடு சுவரிலும் தரையிலும் ஏறி நிற்பதால் அங்கே கோலியஸ் வைப்பது வீண். மொட்டைமாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நன்றாக வருகிறது. கத்திரி வெயிலின்போது மட்டும் வலையோடு சேர்த்து வேறொரு பெரிய செடியின் நிழலுக்கும் தள்ளிவைக்க வேண்டும். வகைக்கு வகை வேறுபாடும் உண்டு. அடர்ந்த மெரூன், கருஞ்சிவப்பு நிற இலைகள் வெயிலைக் கூடுதலாகத் தாங்குகின்றன. மஞ்சள், வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு பரப்பு அதிகமுள்ளவை சீக்கிரம் கருகுகின்றன. உள்ளங்கையைவிடப் பெரிய இலையுள்ள ‘காங்’ வகைகள் நேர்வெயிலையே விரும்புவதில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் வெயில் தாங்கும் கோலியஸ் வகைகள் உருவாக்கப்பட்டு உலகெங்கும் விற்பனைக்கு வந்திருப்பது உண்மைதான். ஆனால் நம் சாலையோர நர்சரியில் வகைப்பெயர் இல்லாமல் நிற்கும் செடி அந்த வகையைச் சேர்ந்தது என்று நம்பி மே மாதத்தில் திறந்த மாடியில் வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நிறத்தைப் பார்த்து எடுத்துவைக்கிறார்களே தவிர, வகைப்பெயர் எழுதி விற்கும் நர்சரியை நான் இதுவரை பார்க்கவில்லை; இந்தக் கடைகளின் பெரிய குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

மண்ணும் தண்ணீரும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் ஏறத்தாழச் சம பங்கு கலந்தால் போதும். கோகோபீட் கட்டியை ஊறவைத்தபின் அந்தத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இன்னொருமுறை அலசினால் அதிலுள்ள உப்பு குறையும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமுள்ள பகுதிகளில் இலை ஓரம் பழுப்பாகக் காய்வதற்கு வெயிலைவிட அந்த உப்பே காரணமாக இருக்கலாம். முடிந்தபோது மழைநீரையோ குடிநீர் இணைப்பில் வரும் தண்ணீரையோ நிறைய ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தால் தண்ணீர் ஊற்றலாம். நடுப்பகலில் துவண்ட செடி மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெப்பத்தால் வந்த துவட்சி, தண்ணீர் தேவையில்லை. காலையிலும் துவண்டே இருந்தால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கும் பட்சத்தில் வேர் அழுகலைச் சந்தேகிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. உரத்தில் கஞ்சத்தனம் நல்லது: தழைச்சத்து கூடினால் இலை பெரிதாகி, நிறம் நீர்த்துப்போகும். கூடுதலாக விலை கொடுத்து ‘இலைச்செடிகளுக்கான சிறப்பு உரம்’ வாங்குவதற்கு இந்தச் செடியில் எந்தத் தேவையும் தெரியவில்லை.

முப்பது ரூபாய்ச் செடிக்குப் பெரிய மதிப்பைக் கொடுப்பது கிள்ளுவதும் கட்டிங் எடுப்பதும்தான். செடி அரையடி உயரம் வந்ததும் நுனியை ஒரு ஜோடி இலைக்கு மேலே கிள்ளிவிட்டால், அந்த இலைகளின் கக்கத்திலிருந்து இரண்டு தளிர் கிளம்பும். அவை வளர்ந்ததும் அவற்றையும் கிள்ளினால் நான்காகும். கிள்ளியதை எறியவும் வேண்டாம். மூன்று நான்கு அங்குல நுனித்துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கிவிட்டுக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைத்தால், ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் கணுவில் முதலில் வெள்ளைப் புள்ளிகளாகவும் பிறகு மெல்லிய இழைகளாகவும் வேர் வெளிப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரிலேயே நீண்ட நாள் விட்டு வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறுகிறது. நேரடியாக ஈரமான கோகோபீட்டில் ஊன்றுவதும் அதே அளவுக்குப் பலன் தருகிறது.

நம் தட்பவெப்பத்தில் கோலியஸ் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், குளிர்நாடுகளில் பனிக்கு மடிவது போல மடியாது. ஆனால் உயிரோடு இருப்பதும் பார்க்க நன்றாக இருப்பதும் வேறு. ஓராண்டு ஆன செடியில் அடித்தண்டு மரத்துப்போய், இலை சிறுத்து, எவ்வளவு கிள்ளினாலும் பழைய அடர்த்தி வருவதில்லை. எனவே பழைய செடியைக் காப்பாற்றப் போராடாமல், நல்ல நுனிகளைக் கட்டிங்காக எடுத்துப் புதுச் செடியாக்கிக்கொண்டு தாய்ச்செடியை உரக்குழிக்கு அனுப்புவதே சரியான வழி. கட்டிங்கில் வந்த செடி தாயின் நிறத்தையே கொண்டிருக்கும் என்பதால், மனதுக்குப் பிடித்த ஒரு நிறத்தை ஒரேயொரு கவர் வாங்கி எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்திருக்க முடியும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு கட்டிங்கை வீட்டு ஜன்னலோரத்தில் தண்ணீரில் வைத்துக்கொள்வது ஐப்பசி அடைமழையில் மாடிச் செடி அழுகினாலும் நிறம் கைவிட்டுப் போகாமல் காக்கும்.

பூச்சி விஷயத்தில் மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. வெள்ளை ஈயும், வறண்ட கோடையில் செஞ்சிலந்திப் பேனும் வரும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும்.

அடுத்து விதைப் பாக்கெட். ஐம்பது முதல் நூறு ரூபாய் வரை விலையில் ‘கலப்பு வண்ணம்’ என்ற பெயரில் கிடைப்பவையே அதிகம். கோலியஸ் விதை கசகசாவைப் போலச் சிறியது. ஒரு கிராமில் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். அது முளைக்க வெளிச்சம் தேவை என்பதைப் பாக்கெட்டின் பின்புறத்தில் சொல்லாமல், எல்லாக் காய்கறி விதைக்கும் அச்சிடும் ‘கால் அங்குல ஆழத்தில் விதைக்கவும்’ என்ற வாசகத்தையே இதற்கும் அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். அப்படிப் புதைத்தால் முளைப்பது அரிது. ஈரமான, சலித்த கோகோபீட்டின் மேல் தூவி, மூடாமல் மெல்ல அழுத்திவிட்டு, மேலே ஒரு கண்ணாடித் தாளைப் போர்த்தி, வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தண்ணீரை மேலே தெளிக்காமல் குழித்தட்டின் அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளில் முளை தெரியும்.

அதன்பின் தேவைப்படுவது பொறுமை. முதலில் வரும் இலைகள் வெறும் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஜோடி இலை வந்தபிறகே எந்த நாற்று என்ன நிறம் என்று புலப்படத் தொடங்கும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு: நாற்றங்காலில் முந்திக்கொண்டு கொழுகொழுவென்று வளர்பவை பெரும்பாலும் பச்சை மிகுந்தவை, பின்தங்கிச் சோனியாக நிற்பவற்றில்தான் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த அழகான இலைகள் ஒளிந்திருக்கும், ஏனென்றால் பச்சையம் குறைந்த இலைக்கு உணவு தயாரிக்கும் திறனும் குறைவு. கத்தரி, தக்காளி நாற்றில் பழகிய கை சிறியவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிஞ்சியதெல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறதே என்று பாக்கெட்டைக் குறை சொல்லும். விதை வகைகளில் ‘விஜார்ட்’ வரிசை தொட்டிக்கு நன்றாகப் பொருந்துகிறது: அடியிலிருந்தே கிளைக்கும் இயல்பும் ஓரடிக்குச் சற்று மேலான உயரமும் கொண்டது, அதிகம் கிள்ள வேண்டியதில்லை. கலப்புப் பாக்கெட்டில் வந்த செடிகளில் பிடித்த நிறம் ஒன்று கிடைத்தால் அதை விதையால் பெருக்க முடியாது, கட்டிங்தான் ஒரே வழி. நூறு தொட்டி நிரப்ப வேண்டியவருக்கும், என்ன நிறம் வரும் என்று காத்திருப்பதையே விளையாட்டாக அனுபவிப்பவருக்கும் விதை தகும். நாலு தொட்டிக்காரருக்கு இரண்டு மூன்று மாதக் காத்திருப்பு தேவையற்றது.

வாங்கும்போது பாக்கெட் செய்த தேதியையும் காலாவதித் தேதியையும் கட்டாயம் பாருங்கள். வெப்பமான கடை அலமாரியில் கோடை முழுவதும் கிடந்த நுண்விதையின் முளைப்புத்திறன் குறைந்துவிடும். இணையத்தில் மயில்நீல இலையும் வானவில் கோடுமாகப் படம் போட்டு விற்கப்படும் விதைகளைத் தொடவே வேண்டாம். கோலியஸ் இலையில் அப்படிப்பட்ட நீல நிறம் கிடையாது. நீலம் அதன் பூவில்தான். அந்தப் படங்கள் கணினியில் நிறம் மாற்றப்பட்டவை, பாக்கெட்டுக்குள் இருப்பது எந்தச் செடியின் விதை என்பது முளைத்தபிறகே தெரியும்.

கடைசியாகக் கூரியர் செடி. ‘ஐந்து நிறம், ஐந்து செடி’ என்ற தொகுப்பு அனுப்புசெலவு உட்பட நானூறு ரூபாயை ஒட்டியும், வகைப்பெயரோடு வரும் தனிச்செடி இருநூறு ரூபாய் வாக்கிலும் விற்கப்படுகின்றன. நான் வாங்கிய தொகுப்பு ஒன்றில் வேர்ப்பகுதியைக் கோகோபீட்டோடு நெகிழித் தாளில் சுற்றி நன்றாகவே கட்டியிருந்தார்கள், ஒரு செடியின் மண்கூடச் சிந்தவில்லை. ஆனால் கோலியஸின் மெல்லிய இலை நாலைந்து நாள் இருட்டையும் புழுக்கத்தையும் தாங்காது என்பதால் திறக்கும்போது பாதி இலைகள் கறுத்துப்போயிருந்தன. தண்டு உறுதியாகவும் நுனித்தளிர் உயிரோடும் இருந்தால் இலை போனதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கறுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு, உரம் எதுவும் போடாமல், ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு காலை வெயிலுக்குப் படிப்படியாக நகர்த்தினால் தளிர்த்துவிடுகிறது. அந்தத் தொகுப்பில் பிழைத்த நிறங்களில் இரண்டைத் தவிர மற்றவை பக்கத்து நர்சரியிலேயே கிடைப்பவை என்பதுதான் மனத்தாங்கல். உள்ளூரில் கிடைக்காத குறிப்பிட்ட வகை ஒன்று வேண்டுமென்று தெரிந்து வாங்குபவருக்கே இந்த வழி பொருந்தும். பொதுவான ஐந்து நிறத்துக்கு, மாடித்தோட்டக் குழுக்களில் கேட்டாலே கட்டிங் இலவசமாகக் கை மாறிக்கொண்டிருக்கிறது.

அப்படியும் கூரியரில்தான் வாங்குவதென்றால் ஏப்ரல், மே மாதங்களையும், ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்; தை, மாசியில் வரும் செடிக்கு வழியிலும் சேதம் குறைவு, வந்தபின் வேர்பிடிக்கவும் நல்ல நாட்கள் கிடைக்கும். வாரத்தின் முதல் இரண்டு நாட்களுக்குள் அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேட்டுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் அடைபட்டுக் கிடக்காது. பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் இடைவெட்டில்லாமல் காணொளியாக எடுத்துவையுங்கள். செடி சேதமாக வந்தால் மாற்றுச் செடி தரப் பல விற்பனையாளர்கள் அந்தக் காணொளியைக் கேட்கிறார்கள், அதையும் பெட்டி கைக்கு வந்த ஒரு நாளுக்குள் அனுப்பச் சொல்கிறார்கள்.